மேல் ஈறு

இக்கதையை எனக்குச் சொன்னவர் பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருந்த சண்முகவடிவு. கேட்டது 1993ஆம் ஆண்டு ஆவணியில், மழை பெய்த ஒரு முற்பகல். பல் முளைக்கும் பருவத்தில் இருந்த தம் மகனை மடியில் கிடத்தி, அவன் கடிப்பதற்கு ஈரத்துணிச் சுருள் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொன்னார். பல் முளைப்பைப் பற்றி நான் திரட்டிய கதைகளில் பெரும்பாலானவை தாயின் பக்கம் நின்று சொல்லப்படுபவை. இவர் தாய்மாமனின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, தொடக்கம் முதல் அவனுடைய நினைப்பாகவே சொன்னார். இடையில் நான் கேட்ட கேள்விகளைக் காதில் வாங்கவில்லை. பேச்சுகளை அவர் வாயில் வந்தபடியே விட்டு, நினைப்பை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன்.

"வாயில மட்டும் கையை வச்சிராதண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் என் தங்கை உலகம்மாள் படியிறங்கினாள். பால் அடுப்படியில் இருக்கிறது என்று சொன்னாள், ஈரத்துணி வாளியில் கிடக்கிறது என்று சொன்னாள், தூங்கினால் தொட்டிலில் போடு, அழுதால் தோளில் போடு, மாடிப்படிக் கதவைச் சாத்தி வை என்றெல்லாம் சொன்னாள். இவை எந்தத் தாயும் சொல்லக் கூடியவை, இவற்றில் குற்றம் காண எனக்கு ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கிய பிறகு திரும்பி நின்று, அப்போதுதான் நினைவு வந்தவள்போல, வாயைப் பற்றிச் சொன்னாள். அப்போதுதான் நினைவு வந்தவள்போல. அதுதான் இடிக்கிறது. விருதுநகர்ப் பருப்பு மண்டியில் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து குத்தூசி போடுகிறவன் நான். மூட்டையின் வயிற்றில் அந்த ஊசியைக் குத்தி இழுத்தால் அதன் குழிவில் மாதிரிக்கு ஒரு பிடி பருப்பு வரும். அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து இந்தச் சரக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வது என் வேலை. சரக்கு கொண்டுவந்த ஆள் எந்த மூட்டையைத் தட்டித் தட்டிப் பேசுகிறான் என்று நான் பார்ப்பதில்லை. எந்த மூட்டையின் மேல் ஒன்றும் தெரியாதவன்போலத் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்பேன். ஊசியை அங்கேதான் போடுவேன். பிரமநாயகம் அண்ணாச்சி வந்துவிட்டார் என்றால் எழுந்து நின்றுவிடுங்கள் என்று வியாபாரிகள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பார்கள். உலகு துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் மூட்டை இதோ என் முன்னால் பாயில் உட்கார்ந்து, வலது கை முழுவதையும் வாய்க்குள் திணிக்கப் பார்த்து, முடியாமல் போனதற்கு நான்தான் காரணம் என்பதுபோல் என்னைப் பார்க்கிறது.

சைலு. சிவசைலம் என்று பெயரிட்டபோது இவன் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலமாக இருந்தான்; முகம் எந்தப் பக்கம் என்று தேடித்தான் பார்த்தேன். இப்போது எட்டாம் மாதம். தானாக உட்காருகிறான், ஆனால் இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து விழுகிறான், விழுவதற்கு முன் ஒரு கணம் விழப்போவதை அறிந்தவன்போலக் கண்ணை அகல விரிக்கிறான். தவழத் தெரியும், பின்பக்கமாக மட்டும்; என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பார்த்துக் கையை ஊன்றி உந்துகிறான், கூடு தூரப் போகிறது, தூரப் போகப் போகக் கோபம் வருகிறது. கன்னத்தில் வலப்பக்கம் மட்டும் சிவப்பு. மோவாயில் எச்சில் ஊறி ஊறித் தோல் பொரிந்திருக்கிறது. அதே பக்கத்துக் காதைப் பிடித்து இழுத்துக்கொள்கிறான், அந்தக் காதுதான் எல்லாவற்றையும் செய்தது என்பதுபோல. காலையில் கேழ்வரகுக் கூழைத் துப்பிவிட்டான். நேற்றிலிருந்து வயிறு இளகிப் போகிறது. பல் வருகிறது, இதைச் சொல்ல மருத்துவர் வேண்டாம். எது வருகிறது என்பதுதான் கேள்வி. கீழ்ப்பல் முதலில் வந்தால் ஒரு குற்றமும் இல்லை. கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் உதிர்த்துவிட்டுத் தெருவுக்குக் கொடுப்பார்கள். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. ஆகாது என்றால் என்ன ஆகும் என்று யாரும் விவரித்துச் சொல்வதில்லை, ஆகாது என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இல்லை என்று மண்டியில் பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்பிக்கை இல்லாதவனுக்கும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. திங்கட்கிழமை காலையில் வயிற்றைக் கீறக் கொடுக்கப் போகிறவனுக்கு அது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

குடலிறக்கம் என்பது ஒரு நோயே அல்ல என்று அந்த மருத்துவர் சொன்னார். காதுகுத்து மாதிரி என்று சொன்னார், சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இன்னும் தள்ளிப்போட்டால் ஒரு நாள் குடல் முறுக்கிக்கொள்ளும், அன்றைக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன் என்றார். சிரிப்பை நிறுத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்த விதமும் பிடிக்கவில்லை. மூட்டை புரட்டிப் புரட்டி வந்தது இது. ஒரு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு மூன்று மழைக்காலம் ஓட்டிவிட்டேன். ஒரு முறை கத்திரி வெயில் என்று தள்ளிப்போட்டேன், ஒரு முறை துவரை வரத்து அதிகம் என்று தள்ளினேன், ஒரு முறை ஆஸ்பத்திரி வாசல் வரை போய், அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் கால் கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்பாவும் காலில் கட்டோடுதான் போனார். நடந்து போனார். வார்டு ஆளிடம் ராத்திரிக்கு இங்கே என்ன குழம்பு என்று கேட்டார். நாங்கள் அவரைப் பிணமாகத் திரும்பக் கொண்டுவந்தது வேனில், வேனின் கதவைச் சாத்த முடியாமல் ஒரு கயிற்றால் கட்டியிருந்தார்கள், உலகு அப்போது பாவாடை கட்டிய பிள்ளை, அந்தக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். இந்த முறை அவள்தான் நாளைக் குறித்தாள், அவள்தான் என்னை இங்கே வரவழைத்தாள், ஆஸ்பத்திரி இங்கிருந்து நடக்கும் தூரம் என்றாள். வந்தேன். ஆனால் என் பையில் வேட்டி துண்டுகளை மடித்து வைத்தபடியே வைத்திருக்கிறேன், ஒன்றையும் வெளியே எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு விருதுநகர் வழியாகப் போகிற பேருந்து ஒன்று உண்டு. மேலே பல் இல்லையென்றால் திங்கட்கிழமை போய்ப் படுத்துக்கொள்வேன், அது என் வாக்கு. இருந்தால் ஐந்து மணி. இதில் பயம் என்று ஒன்றும் இல்லை. சரக்கைப் பார்த்துவிட்டு விலை பேசுவது போன்றதுதான்.

பார்க்க விட்டால்தானே. வியாழக்கிழமை நான் வாசலில் நுழைந்தபோது உலகு பிள்ளையை என் கையில் தரவில்லை. முகம் அவள் முதுகுப்பக்கம் இருக்கும்படி தோளில் போட்டுக்கொண்டுதான் வா அண்ணே என்றாள். அவன் சிரிக்கும்போதெல்லாம் முந்தானை நுனி வந்து வாயைத் துடைக்கிறது. எச்சில் வடிகிற பிள்ளையின் வாயைத் துடைப்பது தவறல்ல, ஆனால் எச்சில் சிரிக்கும்போது மட்டுமா வடிகிறது. அழும்போது அவள் துடைக்கவில்லை, அழும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அவளுடைய வீட்டுக்காரர் சிதம்பரநாதன், தபால் ஆபீசில் இருக்கிறவர், கல்யாணத்தன்றுகூட என்னிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவர். அவர் எனக்கு மின்விசிறிக்கு நேர் கீழே படுக்கை விரித்துத் தருகிறார். சாப்பாட்டில் தம் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை, வாங்க மச்சான், காலாற நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போய், பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு ஸ்டூடியோவின் முன்னால் நின்று, ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்களேன் என்றார். எதற்கு மாப்பிள்ளை என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் மச்சான் என்றார். சும்மா. நெஞ்சுக்கு மேல் வருவதுபோல, நேராகப் பார்த்தபடி, பின்னால் வெறும் நீலத்திரை. அந்த மாதிரிப் படத்தை எங்கே மாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. சட்டம் போட்டால் மாலை தொங்குவதற்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுத்திருக்கிறான் அந்தப் போட்டோக்காரன். அன்பாக இருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நல்ல சரக்கைக் கொண்டுவருகிறவன் என்னிடம் முறைப்பாகத்தான் இருப்பான். காப்பி வாங்கித் தருகிறவன் மூட்டைக்குள் கல் இருக்கும்.

ஆரம்பித்துவிட்டான். முதலில் மூக்கால் ஒரு முனகல், அதன் பிறகு கீழுதடு பிதுங்குகிறது, பிறகு மூச்சை உள்ளே இழுக்கிறான், அந்த இழுப்பு எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய அழுகை வரும் என்று இந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன். இது நீளமான இழுப்பு. தூக்குகிறேன். தூக்கும்போது அடிவயிற்றில் பெல்ட்டுக்குக் கீழே ஒன்று நழுவி இறங்குகிறது, மூச்சைப் பிடித்து நிற்கிறேன், அது திரும்ப ஏறுகிறது. தோளில் போட்டதும் சட்டைக் காலரைக் கடிக்கிறான். வாய் திறந்திருக்கிறது, ஆனால் அது என் காதுக்குப் பின்னால் இருக்கிறது, எனக்குத் தெரிவது அவன் பிடரிச் சூடு மட்டும். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றால் தெரியும். போனேன். கண்ணாடியின் மேல் உலகு ஈரத்துண்டு ஒன்றைக் காயப் போட்டிருக்கிறாள். கொடியில் இடம் இருக்கும்போது கண்ணாடியின் மேல் எதற்கு. துண்டை எடுத்தேன்; அதற்குள் அவன் முகத்தை என் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு கத்தினான். வாளியிலிருந்து ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து கையில் கொடுத்தேன், இரண்டு முறை சப்பிவிட்டு எறிந்தான். பாலாடையில் பால், தட்டிவிட்டான், என் வேட்டியில். சாவிக்கொத்தைக் குலுக்கினேன், ஒரு நிமிடம் அழுகை நின்றது, சாவியை வாங்கி வாயில் வைக்கப்போனான், துருப்பிடித்த சாவி, பிடுங்கினேன், அந்தப் பிடுங்கலை அவன் மன்னிக்கவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் காக்கையைக் காட்டினேன். காக்கையும் எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, இத்தனை சின்ன நெஞ்சுக்குள் இதற்கு எங்கே இடம், எலும்பைக் கிழித்துக்கொண்டு ஒன்று வெளியே வருவது என்றால் நாம் எல்லோரும் இப்படித்தான் கத்தியிருப்போம், மறந்துவிட்டோம், மறந்ததால்தான் நடமாடுகிறோம். இவனுக்கு மயக்க ஊசி கிடையாது. எனக்கு உண்டு. எனக்கு அந்த ஊசிதான் பயம். வலியைப் பற்றி ஒன்றும் இல்லை, தூங்கப் போகிறேன் என்று தெரிந்தே தூங்குவதுதான், ஒருவன் முகமூடியோடு மேலே குனிந்து ஒன்று இரண்டு எண்ணச் சொல்வான், எண்ணி முடிப்பேனா என்பது அவனுக்கும் தெரியாது.

படியில் காலடி. உலகு இல்லை. கீழ்வீட்டு ஜெபமணி, கையில் ஒரு கிண்ணம், அதில் துணியில் சுற்றிய ஐஸ் துண்டு. வாசலிலேயே நின்றுகொண்டு, "என்ன அண்ணாச்சி, மாமன் வெறுங்கையோட வந்துட்டான்னு மருமகன் சண்டை போடுதானா?" என்று சிரித்தாள். வெள்ளிப் பாலாடை கொண்டுவந்திருக்கிறேன் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், ஐயோ பாவம் என்றாள், இந்தக் கிண்ணத்தில் இருப்பதைத் துணியோடு ஈறில் ஒத்தி எடுங்க, உள்ளே விட்டுராதீங்க என்றாள். "எந்தப் பக்கம் அண்ணாச்சி, மேலயா..." என்று தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்தினாள். நிறுத்தியதை நான் பார்த்துவிட்டேன் என்பதையும் அவள் பார்த்துவிட்டாள். அடுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அடுப்பில் என்ன வைத்திருக்கிறாள் என்று சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆக, கீழ்வீட்டுக்குத் தெரியும். கீழ்வீட்டுக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். இந்தத் தெருவிலேயே தெரியாத ஆள் நான் ஒருவன், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவன். கீழே என்றால் கீழே என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். மேலயா என்று எடுத்ததும் மேலேதான் அவள் வாயில் முதலில் வந்தது. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, மேலயா கீழயா என்று கேட்பவர்கள் எல்லோரும் மேலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் தொடங்குகிறவர்கள் முடிப்பார்கள். முடிக்காமல் போனாளே. ஐஸ் கிண்ணத்தில் உருகிக்கொண்டிருக்கிறது. ஒத்தி எடுங்க என்றாள். ஒத்தி எடுக்க வேண்டுமென்றால் வாயில் கை வைக்க வேண்டும். உலகு வைக்காதே என்றாள். இவள் வைக்கச் சொல்கிறாள். இருவரில் யாரோ ஒருத்தி...

வாயில மட்டும். வேறு எங்கே வேண்டுமானாலும் வை என்று பொருள். சின்ன வயதில் வீட்டில் ஒரு சட்டி இருந்தது, எள்ளுருண்டை வைத்து மேலே கல்லை ஏற்றியிருந்தார்கள். உலகு, அப்போதே அவளுக்கு இந்தப் புத்தி, அண்ணே அதை மட்டும் திறந்துராதே, உள்ளே தேள் கிடக்கு என்றாள். அது வரையில் எனக்கு அந்தச் சட்டி இருப்பதே தெரியாது. அன்று சாயங்காலம் அடி வாங்கியவன் நான். எள்ளுருண்டையில் பாதியைத் தின்றவள் அவள். இது இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது. பிள்ளை கத்திக் கத்திக் குரல் உடைந்துவிட்டது; உதட்டோரம் நீலம் பாய்கிறதோ என்று சந்தேகம், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் இல்லை. மடியில் கிடத்துகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மணிக்கட்டு வரை, மருத்துவர்கள் கழுவுவதுபோல. இதைப் பார்ப்பதற்காகச் செய்யவில்லை. அழுகையை நிறுத்துவதற்காகச் செய்கிறேன். இரண்டும் ஒன்றுதான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய. ஆட்காட்டி விரல், குத்தூசியைப் பிடிக்கும் விரல், முனை காய்த்துப்போன விரல். உள்ளே வைக்கிறேன். எத்தனை சூடு. முதலில் கீழே, இடமிருந்து வலமாக, மெல்ல: வழுவழுப்பு, மேடு, நடுவில் வீக்கம், ஊறவைத்த மொச்சையை அமுக்குவதுபோல, தோல் இன்னும் பிரியவில்லை. முளை விடுவதற்கு முந்தின நாள் மொச்சை இப்படித்தான் இருக்கும். ஆனால் முளை இல்லை. கீழே ஒன்றும் இல்லை. அவன் அழுகையை நிறுத்திவிட்டான். கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறான். இன்னும் மேலே பார்க்கவில்லை, இப்போதும் விரலை எடுத்துவிடலாம், எடுத்துவிட்டு இல்லை என்று வைத்துக்கொண்டு திங்கட்கிழமை போகலாம், யாருக்குத் தெரியப் போகிறது. விரலைத் திருப்பினேன். அவனே கடித்தான்.

கடித்தான் என்றால், ஊசி இறங்கியது போல. ஒரு சின்ன வெட்டு முனை, அரிசிக் குருணையின் உடைந்த பக்கம் போல, மேல் ஈறில், நடுவுக்குச் சற்று வலமாக. சந்தேகமே இல்லை. மாதிரி கைக்கு வந்துவிட்டது. வெளியே இழுக்கப் போனேன், உடனே அழுகை. உள்ளே விட்டேன், அழுகை நின்றது. இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டான். அந்த முனையை என் விரலின் மேல் வைத்து அழுத்துகிறான், அழுத்தம் அவனுக்குச் சுகமாக இருக்கிறது, மூக்கால் பெருமூச்சு விடுகிறான், மறுபடி அழுத்துகிறான். ரத்தம் அவன் எச்சிலில் ஒரு இழையாகக் கலந்து கடைவாயில் வந்தது, துண்டால் துடைத்தேன், பிறகு வரவில்லை. ஆக இதுதான். எல்லோரும் மறைத்தது இதுதான். முந்தானை, கண்ணாடியின் மேல் துண்டு, நீலத்திரை, அப்பளம். நான் நினைத்தது ஒவ்வொன்றும் சரி. சரியாக இருந்ததில் ஒரு மகிழ்ச்சியும் இல்லை. மண்டியில் இப்படி ஒரு மூட்டையைப் பிடித்துவிட்டால் அன்று சாயங்காலம் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பேன். இங்கே நெஞ்சு தடதடவென்று அடிக்கிறது, அதன் மேல்தான் அவன் தலை இருக்கிறது, அந்த அடிப்பு அவனுக்குத் தாலாட்டாக இருக்கிறதோ என்னவோ, கண் செருகுகிறது. எனக்கு ஆகாத பல் இது. எனக்கு ஆகாத இந்தப் பல்லுக்கு வலிக்கிறது. அது வலிக்காமல் இருக்க என் விரல் வேண்டியிருக்கிறது. விரலை எடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பையை எடுக்கலாம். ஜெபமணியைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இறங்கலாம். நாலரை இருக்கும், எதிர்வீட்டு நிழல் இந்தச் சுவரில் ஏறிவிட்டது. இப்போது எழுந்தால் பேருந்தைப் பிடிக்கலாம். மெல்ல இழுத்துப் பார்த்தேன். தூக்கத்திலேயே அவன் தாடை இறுகியது. சரி, இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தூங்கட்டும். கால் மரத்துவிட்டது. அடிவயிற்றில் அது மெதுவாக இறங்கியும் ஏறியும் கொண்டிருக்கிறது, அதுவும் மூச்சு விடுவதுபோல. ஒவ்வொரு முறையும் அது திரும்ப ஏறுமா என்று காத்திருக்கிறேன், ஒரு நாள் ஏறாது என்றார் அந்த மருத்துவர், அந்த நாள் இன்றாக இருந்தால் இந்தப் பிள்ளை யார் மடியில் இருக்கும். பஸ் நிலையப் பக்கம் நீளமாக ஒரு ஹாரன். எந்தப் பேருந்து என்று தெரியாது. தெரியும். தெரிந்தும் விரல் அங்கேயே இருக்கிறது.

உலகு வந்தபோது கதவு சத்தம் போடவில்லை. நிமிர்ந்தபோது நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள், செருப்பைக் கழற்றவில்லை, கையில் துணிப்பை. எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியாது. தாய் என்றால் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பாள். இவள் என் விரல் எங்கே போய் மறைகிறதோ அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிச்சிட்டானா?"

"ம்."

"ரத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. நின்னுட்டு."

"நீயாத்தானே குடுத்த? ஜெபமணி அக்கா ஒண்ணும் சொல்லலையே?"

அவள் ஏன் வாயில் கை வைத்தாய் என்று கேட்கவில்லை. வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன் என்றேன். அவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள், பை சாய்ந்தது, தேங்காய் ஒன்று உருண்டு வந்து என் பாதத்தில் முட்டி நின்றது. பைக்குள் அரிசி மாவும் வெல்லமும் தெரிந்தன. கொழுக்கட்டைக்கு வேண்டியவை. இங்கே என்ன நடந்திருக்கிறது என்று அறிவதற்கு முன்பே கடையில் வாங்கியிருக்கிறாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு என்றாள். "மேல்பல்லு மொளைச்சா அது மொதல்ல மாமனைக் கடிச்சிரணும். எடுக்கவேண்டியதை அந்த ஒரு சொட்டுல எடுத்துக்கிடும். ஆனா மாமன் தானாக் குடுக்கணும். குடுன்னு யாரும் சொல்லப்பிடாது."

"அதான் குடுக்காதேன்னு சொன்னியா?"

"தேள் கிடக்குன்னு சொன்னா நீ திறக்காம இருப்பியா?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பிள்ளை அசைவான். இதை அவள் நம்புகிறாளா என்று கேட்டேன்.

"நான் நம்பல" என்றாள். "நீ நம்புவ. பைக்குள்ள இருந்து ஒரு துண்டைக்கூட நீ வெளிய எடுக்கல, நான் பாக்கலைன்னு நினைச்சியா? நாளைக்கழிச்சு நீ அங்க போயி படுக்கணும்ணே. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு மட்டம் என்னால வர முடியாது."

எழுந்து தேங்காயை எடுக்க வந்தாள். எடுத்த தேங்காய் அவள் கையில் நிற்கவில்லை, ஆடியது. இரண்டு கையாலும் பிடித்தாள், அப்போதும் ஆடியது. நம்பாதவளின் கை அப்படி ஆடாது. அதை நான் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை, என் ஆயுளில் எடுத்த மாதிரிகளில் வியாபாரியிடம் காட்டாமல் திரும்ப மூட்டைக்குள் போட்டது அது ஒன்றுதான். திங்கட்கிழமை போகிறேன் என்றேன். ம் என்றாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பிள்ளையின் பிடி தளர்ந்திருந்தது, ஆனாலும் விரலை எடுக்கவில்லை. எல்லாம் விளங்கிவிட்டது, முந்தானை விளங்கிவிட்டது, துண்டு விளங்கிவிட்டது. போட்டோ எதற்கு என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டேன். அவுகளுக்கு அந்தக் கடைக்காரர் கூட்டாளிண்ணே, சும்மா கூட்டிட்டுப் போயிருப்பாவ என்று பதில் வந்தது. சும்மா. அந்த ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது.

சண்முகவடிவு இவ்விடத்தில் நிறுத்திவிட்டார். இதே கதையை வேறு இருவரிடம் கேட்டிருக்கிறேன். விருதுநகரில் மண்டி ஆள் ஒருவர் சொன்னதில் மாமன் பிள்ளையைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்துவிடுகிறான்; கோவில்பட்டிக்கு அருகில் குடல் முறுக்கிக்கொள்கிறது; ஊரார் பல்லைக் குற்றம் சொல்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண் சொன்னதில் மேல்பல்லே கிடையாது. கீழே முளைத்த பல்லைத்தான் தங்கை மேலே முளைத்ததுபோல மறைத்து மறைத்துக் காட்டுகிறாள், பயந்துகொண்டிருக்கும் அண்ணனுக்குப் பயம் தீர்ந்துபோவதற்கு ஒரு வழி இருக்கட்டும் என்று. விரலைக் கீழே வைத்த கணத்திலேயே அவனுக்கு அது தெரிந்துவிடுகிறது, தெரிந்தும் மேலே ஒரு பல் இருந்ததாகவே கடைசி வரை சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறான். சண்முகவடிவின் கதையில் மாமன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினானா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை அவர் தம் மகனின் வாயிலிருந்து துணிச்சுருளை எடுத்துவிட்டு, பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த தம் அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். "கடிக்க விட்டாச்சுல்லா, பிறகென்ன" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அண்ணன் தலை நிமிராமல், யாரைக் கடிக்க விட்டாய் என்று கேட்டார். சண்முகவடிவு துணிச்சுருளைத் திரும்ப மகனின் வாயில் வைத்தார்.